பதினாலு ஊசி

நாயைவிட நாய்க்கடி ஊசிக்குத்தான் நான் அதிகம் பயந்திருக்கிறேன். எண்பதுகளில் பள்ளிக்கூடம் போன எங்களுக்குத் தொப்புளைச் சுற்றிப் போடும் பதினாலு ஊசி என்றாலே குலை நடுங்கும். நானும் போட்டுக்கொண்டவன். வயிறு வீங்கி, சட்டை உரசினாலே வலிக்கும். ஆட்டு மூளைத் திசுவிலிருந்து தயாரித்த மருந்து அது. குன்னூர் பாஸ்டர் நிறுவனம் அதைத் தயாரித்துவந்தது.

நடுவயதில் ஒரு காலை, தெருநாய் ஒன்று கெண்டைக்காலைக் கவ்வியது. ரத்தத்தைப் பார்த்ததும் ரேபிஸ் என்னும் வெறிநோய் நினைவுக்கு வரவில்லை, வயிறுதான் வந்தது. 'லேசான கடிதானே' என்று மனசு சாக்குத் தேடியது. எதிர்வீட்டுப் பாட்டி சுண்ணாம்போடு வந்தார். மனைவி அவரைத் தடுத்து, குழாயடியில் உட்காரவைத்து, சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவிவிட்டு ஆட்டோவில் ஏற்றினாள்.

"கழுவுனீங்கல்ல? அதுதாங்க முதல் மருந்து" என்றார் ஜி.எச். நர்ஸம்மா. வெறிநோய் வைரஸின் மேலுறை கொழுப்பாலானது. சோப்பு அதைச் சிதைத்துவிடும். ஆழமான கடி என்பதால் காயத்துக்குள்ளேயே இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்பு மருந்தைச் செலுத்தினார்கள். அது வலித்தது. தடுப்பூசியோ இரண்டு கைகளிலும் தோலுக்குள் தலா 0.1 மில்லி மட்டும். பிறகு 3, 7, 28-ஆம் நாட்களில் வரச் சொன்னார்கள். சின்ன வயதில் போட்ட பழைய ஊசி கணக்கில் சேராதாம்.

அந்தப் பழைய மருந்தை நம் நாட்டில் கைவிட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆனால் பதினாலு ஊசிக் கதையை என் வயதுக்காரர்கள் இன்னும் விடவில்லை. கேட்டு வளரும் பிள்ளை, கடிபட்டால் வாயைத் திறக்குமா? வைரஸ் நரம்பு வழியே மூளையை எட்டப் பெரும்பாலும் வாரங்கள், மாதங்கள் ஆகும். அந்த அவகாசத்தில்தான் ஊசி காப்பாற்றும். அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது அபூர்வம். உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் ரேபிஸால் இறக்கிறார்கள் என்பது மதிப்பீடு. அதில் மூன்றில் ஒரு பங்கு இந்தியாவில். கடிபட்டுச் சிகிச்சைக்கு ஆளாகிறவர்களில் பத்துக்கு நான்கு பேர் பதினைந்து வயதுக்குட்பட்டவர்கள்.

மனிதருக்கு மட்டும் ஊசி போட்டு இந்த நோய் தீராது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு இது நாயிடமிருந்துதான் வருகிறது. ஓர் ஊரின் நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டால் பரவும் சங்கிலி அறுந்துவிடும். கோவாவில் தெருத் தெருவாக வலையோடு போய் நாய்களைப் பிடித்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டார்கள். 2021-ல் ரேபிஸ் கட்டுக்குள் வந்த மாநிலமாக அது அறிவிக்கப்பட்டது. என்னைக் கடித்த இனத்தின் மேல் எனக்கு இன்றும் பிரியம் கிடையாது. ஆனாலும் எங்கள் தெருவுக்கு ஊசி வண்டி வந்தால், பிஸ்கட்டைக் காட்டி நாய்களைக் கூப்பிட நானும் நிற்கிறேன்.

வீட்டில் ஒரு விதி வைத்திருக்கிறோம். நாயின் பல் மட்டுமல்ல, நகம் கீறினாலும் பிள்ளைகள் உடனே சொல்ல வேண்டும். 'ஏன்டா அதுகிட்ட வம்புக்குப் போன?' என்ற விசாரணையெல்லாம் ஊசி போட்டு வந்த பிறகுதான்.