விடைகள் நிறைந்த பெட்டி

பவணந்தி முனிவர் நன்னூலிலே வினாவை அறுவகைப்படுத்தினார். அவற்றுள் முதலாவது அறிவினா. விடையைத் தான் அறிந்திருந்தும் பிறர் அறிவாரோ எனச் சோதித்தற்பொருட்டு வினவுவது அது. ஆசிரியர் மாணாக்கனை வினவுவது இவ்வகையைச் சாரும். இரண்டாவது அறியாவினா. மாணாக்கன் பொருள் விளங்காது ஆசிரியரை வினவுவது. இவ்விரண்டும் மாறிமாறி நிகழும் இடத்திலேயே கல்வி நடைபெறுகின்றது எனலாம். முதலாவதை மாத்திரம் தனியே பிரித்தெடுத்து, அதற்கு விலை குறித்து, விளக்கொளியின் கீழ் நிறுத்தினால் உண்டாவது தொலைக்காட்சி வினாவிடைப் போட்டி. அதனையும் சுருக்கி, உள்ளங்கையளவான பிளாத்திக்குப் பேழையொன்றினுள் அடைத்துப் பிள்ளைகளின் கையிற் கொடுத்த கதை ஐக்கிய அமெரிக்காவிலே நிகழ்ந்தது.

அப்பேழையின் பெயர் ‘ஜெப்பர்டி: ஜூனியர் எடிஷன்’. ‘ஜெப்பர்டி’ என்னும் புகழ்பெற்ற போட்டியின் சிறுவர் பதிப்பு அது. யப்பானிய நின்ரென்டோ நிறுவனத்தின் விளையாட்டுக் கணனிக்கென 1989ஆம் ஆண்டில் வெளிவந்தது. வெளியிட்டது அமெரிக்க நிறுவனமான கேம்ரெக். நிரலை ஆக்கிக்கொடுத்தது இங்கிலாந்தின் லெஸ்ரர்ஷயர் மாவட்டத்துக் கிராமமொன்றில் இயங்கிய றெயர் நிறுவனம். அமெரிக்கப் பிள்ளைகளின் பொது அறிவைச் சோதிக்கும் பொறி, யப்பானிய யந்திரத்திற்காக ஆங்கிலேயக் கிராமமொன்றிலே செய்யப்பட்டது என்பது அக்காலத்து வாணிகத்தின் போக்கை உணர்த்தும்.

பேழையைத் திறந்து பார்க்குமுன் மூலப்போட்டி பிறந்த சூழலைக் காண்பது அவசியம். அச்சூழல் தூய்மையானதன்று.

1955இல் ‘64,000 டொலர் வினா’ என்னும் நிகழ்ச்சி அமெரிக்கத் தொலைக்காட்சியிலே தொடங்கி நாட்டையே கட்டிப்போட்டது. அடுத்த ஆண்டில் ‘இருபத்தொன்று’ என்னும் போட்டி தோன்றியது. அதிலே தொடர்ந்து வென்றுவந்த ஹேர்பேட் ஸ்ரெம்பெல் என்பவரைத் தோற்குமாறு தயாரிப்பாளர்கள் பணித்தனர். 1955ஆம் ஆண்டுக்கான சிறந்த திரைப்பட விருதைப் பெற்ற படம் எது என்பது வினா. விடை ‘மார்ட்டி’. ஸ்ரெம்பெல் அப்படத்தை மிக விரும்பிப் பலமுறை பார்த்தவர். எனினும் கூறவேண்டிய பிழையான விடையும் அவருக்கு முன்னரே சொல்லப்பட்டிருந்தது, அதையே கூறினார். அறிந்ததை அறியாததுபோல நடித்தல் அறியாமையினும் கொடிது என்பதற்கு இதனிலும் வேறு சான்று தேடவேண்டியதில்லை. அவரை வென்றவர் கொலம்பியாப் பல்கலைக்கழக விரிவுரையாளர் சாள்ஸ் வன் டோரன். அவருக்கோ விடைகள் முன்கூட்டியே வழங்கப்பட்டிருந்தன. 1959 நவம்பர் 2ஆம் திகதி காங்கிரஸ் உபகுழுவின் முன் அவர் அதனை ஒப்புக்கொண்டார்.

வன் டோரனின் பெயரைப் பலரும் அறிவர். அதே விசாரணையிற் சாட்சியமளித்த பன்னிரண்டு வயதுச் சிறுமியைப் பற்றி அத்துணைப் பேச்சில்லை. பிற்காலத்திற் பெரும் புகழ் பெற்ற நடிகை பற்றி டியூக்கே அச்சிறுமி. ‘64,000 டொலர் அறைகூவல்’ என்னும் நிகழ்ச்சியிற் பங்குபற்றிய தனக்கும் விடைகள் முன்னரே சொல்லித்தரப்பட்டன என்று அவர் கூறினார். பெரியோர் செய்த சூதினுள் ஒரு குழந்தையும் அமர்த்தப்பட்டிருந்தது. 1960இல் வினாப்போட்டிகளை முன்கூட்டித் தீர்மானித்து நடத்துவதைக் குற்றமாக்கும் சட்டம் நிறைவேறியது. ஆயினும் வினாப்போட்டி என்ற சொல்லின்மீதே மக்களுக்கு ஐயம் படிந்துவிட்டது.

இவ்வையத்திலிருந்தே ‘ஜெப்பர்டி’ முளைத்தது. தயாரிப்பாளர் மேர்வ் கிறிஃபினும் மனைவி ஜூலானும் விமானத்தில் நியூயோர்க்குக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது, மோசடிக்குப் பின்னர் வினாப்போட்டி நடத்த இயலாமற் போனதைப்பற்றிப் பேச்செழுந்ததாம். அப்படியாயின் விடையை முதலிலேயே வெளிப்படையாகக் கொடுத்துவிட்டால் என்ன என்பது அம்மையாரின் யோசனை. உடனே ‘5,280’ என்றார். ‘ஒரு மைலுக்கு எத்தனை அடி?’ என்று கணவர் திருப்பிக் கேட்டார். 1964 மார்ச் 30ஆம் திகதி அந்நிகழ்ச்சி ஒளிபரப்பாகத் தொடங்கியது. நடத்துநர் விடையைக் கூற, போட்டியாளர் வினாவைக் கூறவேண்டும் என்பதே அதன் விதி. நன்னூலார் கூறிய எண்வகை விடைகளுள் வினா எதிர் வினாதல் என்பதும் ஒன்று. ஆனால் அங்கே கேட்டவரும் வினாவினார், சொன்னவரும் வினாவினார். இங்கோ கேட்பவர் விடையாய் நிற்கிறார். மோசடியின் வடு ஒரு விளையாட்டு விதியாகிவிட்டது.

பலகையில் ஆறு தலைப்புகள். ஒவ்வொன்றின்கீழும் ஐந்து குறிப்புகள். 1964இல் முதற்சுற்றுக் குறிப்புகளின் பெறுமதி 10 டொலரிலிருந்து 50 டொலர்வரை. 1984இல் அலெக்ஸ் ரெபெக் நடத்துநராகப் பொறுப்பேற்று நிகழ்ச்சி புத்துயிர் பெற்றபோது 100 முதல் 500 வரை உயர்ந்தது. பிழையாகச் சொன்னால் அத்தொகை கழிக்கப்படும். இறுதிச் சுற்றில் முப்பது வினாடி. அப்போது ஒலிக்கும் இசை கிறிஃபின் தம் மகனுக்காகத் தாலாட்டாக இயற்றியது. தாலாட்டிலே தொடங்கிய இசை, பணயம் வைத்தவரின் நெஞ்சைப் படபடக்கச் செய்யும் இசையாயிற்று.

இனிப் பேழைக்கு வருவோர், பத்து வயதுச் சிறுமி ஒருத்தி தொலைக்காட்சிப் பெட்டியின் முன் நிலத்தில் அமர்ந்திருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளலாம். திரையிலே தலைப்புகளும் தொகைகளும் தோன்றுகின்றன. அவள் ஒன்றைத் தெரிகிறாள். குறிப்பு வருகிறது. விடை அவளுக்குத் தெரியும். பொத்தானையும் முந்திக்கொண்டு அழுத்திவிட்டாள். ஆனால் அவள் கையிலுள்ள கருவியில் எழுத்துப்பலகை இல்லை. சிலுவை வடிவான பொத்தானொன்றும் வேறு சில பொத்தான்களுமே உள. திரையின்மேல் வரிசையாக நிற்கும் அகரவரிசையில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடிச்சென்று, நிறுத்தி, அழுத்தி, மீண்டும் தேடவேண்டும். வாய் ஒரு கணத்திற் சொல்லிவிடுவதைப் பெருவிரல் நெடுநேரம் சுமந்து செல்கிறது. இடையில் ஓரெழுத்துத் தவறினாற் பின்னோக்கி வரவேண்டும். ‘தெரியும், தெரியும்’ என்று அவள் உரக்கக் கூறினாலும் பெட்டிக்குக் கேளாது.

கேளாமை ஒருபுறமிருக்க, அவள் எழுதியதைப் பெட்டி எவ்வாறு மதிப்பிடுகின்றது? தன்னுள் முன்னரே எழுதிவைக்கப்பட்ட சொல்லோடு அவள் எழுதிய சொல்லை ஒப்பிட்டுப் பார்க்கின்றது; அவ்வளவே. நிரலாளர் மாற்றுச் சொற்கள் சிலவற்றைச் சேர்த்துவைக்கலாம். ஆனால் ஒரு குழந்தையின் மனம் ஒரு பொருளை எத்தனை வழிகளிற் பெயரிடும் என்பதை முற்றாக எண்ணிவைப்பது யாரால் இயலும்? ‘பிரித்தானியா’ என்று எழுதவேண்டிய இடத்தில் ‘இங்கிலாந்து’ என்று ஒரு பிள்ளை எழுதினால் நல்லாசிரியர் சற்றே நிதானிப்பார். இப்பிள்ளைக்கு எது தெரியும், எது தெரியாது என்று அந்நிதானத்திலே அறிந்துகொள்வார், வேறுபாட்டையும் விளக்குவார். பெட்டிக்கு நிதானம் இல்லை. தொகையைக் கழித்துவிட்டு அடுத்த குறிப்புக்குச் செல்கிறது. ‘ஏன் பிழை?’ என்ற அறியாவினாவை அப்பிள்ளை எவரிடம் வினவுவது? அதற்கான பொத்தானை எவரும் அமைக்கவில்லை.

பெட்டி வினவுவது அறிவினாவா என்பதே ஐயத்திற்குரியது. அறிவினாவை வினவுபவன் விடையை அறிந்திருத்தல் வேண்டும். பெட்டியோ விடையைக் கொண்டிருக்கின்றது, அறிந்திருக்கவில்லை. அலமாரி நூல்களைக் கொண்டிருப்பதுபோல. எதிரே போட்டியிடும் கணனிப் போட்டியாளன் நிலையும் அதுவே. விடைகள் யாவும் பேழைக்குள்ளே இருக்க, எப்போது சரியாகக் கூறுவது, எப்போது தவறுவது என்பதையும் நிரலே தீர்மானிக்கின்றது. தோற்குமாறு பணிக்கப்பட்ட ஸ்ரெம்பெலை இங்கே நினையாதிருத்தல் அரிது. நன்னூலார் இன்றிருப்பின் ஏழாவதாக ஒரு வினாவகையைச் சேர்த்திருப்பாரோ என்னவோ.

இவ்வளவு குறை கூறியபின் பெட்டியின் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாகவேண்டும். பெட்டி நகைப்பதில்லை. வகுப்பின் கடைசி வரிசையில், விடை தெரிந்தும் எழுந்து கூற அஞ்சிய பிள்ளைகள் எத்தனை பேர்! பிழையான விடைக்காகக் கேலிக்குள்ளாகி, பின்னர் வாயே திறவாதவர்கள் எத்தனை பேர்! அத்தகைய பிள்ளை தன் வீட்டுத் தனிமையில் நூறுமுறை பிழைவிட்டாலும் பெட்டி அதனை நினைவில் வைத்துப் பரிகசியாது. இது சிறிய நன்மையன்று. சில ஆசிரியர்கள் இதனைப் பெட்டியிடமிருந்து கற்றுக்கொள்ளலாம்.

இன்னொன்றும் உண்டு. பேழையின் நினைவகம் மாற்ற முடியாதது. அதிலுள்ள குறிப்புகள் எல்லையுடையவை. பல நாள் விளையாடிய பிள்ளை பழைய குறிப்புகளை மீண்டும் காண்பது உறுதி. அப்போது குறிப்பை முழுதும் வாசியாமலே விடையை எழுதத் தொடங்கிவிடுவாள். வன் டோரனுக்குத் தயாரிப்பாளர் மறைவிற் கொடுத்ததை இச்சிறுமி பலமுறை தோற்றுத் தோற்றுத் தானே பெற்றுக்கொண்டாள். அவள் வென்றது மனனத்தின் வெற்றியே என்று ஒதுக்குவது எளிது. தோல்வியினூடாக வந்த மனனமும் ஒருவகைக் கல்வியே என்று கொள்வதே நேர்மை.

எழுத்துப்பிழையின் கொடுமை பெட்டிக்கு மாத்திரம் உரியதன்று. 2013இல் ‘ஜெப்பர்டி’ நிகழ்ச்சியின் சிறுவர் வாரத்திலே பங்குபற்றிய சிறுவனொருவன், அடிமைகளின் விடுதலை குறித்து லிங்கன் வெளியிட்ட பிரகடனத்தின் பெயரை இறுதிச் சுற்றில் எழுதினான். விடை அதுவே. ஆனால் அப்பெயரில் ஓரெழுத்து மிகுந்துவிட்டது. உச்சரிப்பும் அதனால் மாறுகின்றது என்று நடுவர்கள் தள்ளுபடி செய்தனர். அவன் பணயமாக வைத்த 3,000 டொலர் போயிற்று. ஏற்கப்பட்டிருந்தாலும் முதலிடம் அவனுக்குக் கிட்டியிராது. ஆயினும் தான் ஏமாற்றப்பட்டதாக அவன் பின்னர் கூறியதை, விதியை அறியாத பிள்ளையின் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. தொகையன்று அவனை வருத்தியது. தெரிந்ததைத் தெரியாததென்று பலர் முன்னிலையிற் கணக்கிட்டமையே வருத்தியிருக்கவேண்டும். நடுவர்கள் மனிதராயிருந்தும் அக்கணத்திற் பேழையாயினர்.

அதற்கு ஈராண்டின் முன்னர், 2011 பெப்ரவரியில், ஐ.பி.எம். நிறுவனத்தின் ‘வாட்சன்’ என்னும் கணனி அதே போட்டியில் கென் ஜெனிங்ஸ், பிராட் றட்டர் என்னும் இரு பெருவீரர்களை எதிர்த்து நின்று வென்றது. 77,147 டொலர் அதன் கணக்கு, ஜெனிங்ஸ் 24,000, றட்டர் 21,600. குறிப்புகள் அதற்கு எழுத்துவடிவிலேயே அளிக்கப்பட்டன. செவி அதற்கும் இல்லை. ஜெனிங்ஸ் பிழையாகக் கூறிய விடையை அடுத்த கணமே அதுவும் கூறியது. முன்னரே சொல்லப்பட்டுவிட்டது என்று ரெபெக் எடுத்துரைத்தபோது அவையினர் நகைத்தனர். ஐக்கிய அமெரிக்க நகரங்கள் என்ற தலைப்பில், சிக்காகோ என்று கூறவேண்டிய இடத்தில் ‘ரொறொன்ரோ’ என்றது. ஆயினும் அவ்விடையின் பின்னே வினாக்குறிகள் பல இருந்தன. தன் விடையைத் தானே ஐயுற்ற அச்சிறு அடையாளம், 1989ஆம் ஆண்டுப் பேழையில் இல்லாதது.

பழம்பொருள் சேகரிப்போரிடம் அப்பேழைகள் இன்றும் இருக்கின்றன. யந்திரத்திற் பொருத்தினால் இயங்கும். 1989இல் எழுதப்பட்ட எந்த வினாத்தொகுதிக்கும் சோவியத் ஒன்றியம் ஒரு நாடே, ஜேர்மனி இரண்டே, புளூட்டோ ஒன்பதாவது கோளே. இன்றைய பிள்ளையொருத்தி அத்தகைய பேழையொன்றின் முன் அமர்ந்து, தான் பள்ளியிற் கற்றபடி கோள்கள் எட்டு என்று மெல்ல மெல்ல எழுத்துக்களைத் தேடி எழுதுவாளாயின், பெட்டி சிறிதும் தயங்காது அவளது தொகையைக் கழிக்கும். அருகில் அவளது தந்தையார் இருந்தால், தம் சிறுவயதில் அது ஒன்பதாகவே இருந்தது என்று சொல்லத் தொடங்குவார்.