மனோலயமும் கோல்ஃப் மட்டையும்

பந்து அசையாமல் கிடப்பதே கோல்ஃப் ஆடுபவரின் முதல் தொல்லை. கிரிக்கெட்டிலும் டென்னிஸிலும் எதிரிலிருந்து பாய்ந்து வரும் பந்து யோசிக்க இடம் தராமல் உடலை இயங்க வைத்துவிடுகிறது. கோல்ஃபிலோ பந்து புல்லின்மேல் காத்திருக்க, ஆடுபவர் அதன் முன் நின்று, பிடி இறுகிவிட்டதா, இடது முழங்கை மடங்குகிறதா, தலை நிலையாக இருக்குமா, முதலில் திரும்ப வேண்டியது இடுப்பா தோளா என்று பயிற்சியாளர் சொன்னவற்றையெல்லாம் வரிசையாக நினைத்துப் பார்க்கும் அளவுக்கு அவகாசம் இருக்கிறது. ஆனால் ‘ஸ்விங்’ எனப்படும் வீச்சு, அதாவது மட்டையைப் பின்னுக்கு உயர்த்திக் கீழே இறக்கி அடித்து முடிக்கும் முழு அசைவு, தொடங்கிவிட்டால், உச்சியிலிருந்து மட்டை பந்தை வந்தடைய ஏறத்தாழ கால் விநாடியே பிடிக்கிறது. அதற்குள் முழங்கையைப் பற்றி எழும் நினைப்பால் முழங்கையைத் திருத்த முடியாது, கெடுக்க மட்டுமே முடியும்.

கிண்டி, நந்தனம், உதகை, கொடைக்கானல் எனத் தமிழ்நாட்டில் இந்த ஆட்டம் வேரூன்றிய இடங்கள் சில உண்டு. திருவண்ணாமலை அவற்றில் ஒன்றன்று. எனினும் கோல்ஃபின் மனப்பக்கத்தைப் பற்றி உலகம் பெரிதும் படித்த நூல் ஒன்றின் பின்கதை இவ்வூரைத் தொட்டுச் செல்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சமய ஒப்பியல் கற்பித்த ஃபிரெடரிக் ஸ்பீகல்பெர்க் 1949-இல் இந்தியா வந்து, திருவண்ணாமலையில் ரமண மகரிஷியையும், புதுச்சேரியில் அரவிந்தரையும் கண்டு திரும்பினார். அவருடைய வகுப்பில் அமர்ந்த மைக்கேல் மர்ஃபி 1956-இல் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துக்கு வந்து ஓராண்டுக்கு மேல் தங்கினார். பின்னர் 1972-இல் ‘கோல்ஃப் இன் தி கிங்டம்’ என்னும் நாவலை வெளியிட்டார். இந்தியாவுக்குப் போகும் வழியில் ஸ்காட்லாந்தில் இறங்கும் ஒருவர், சிவாஸ் அயர்ன்ஸ் என்ற விசித்திர ஆசானுடன் ஆடிக் கற்பதே அதன் கதை. நூலில் மறைஞான மூட்டம் தேவைக்கு அதிகம். ஆயினும் கோல்ஃபரின் எதிரி அவருடைய சொந்த மனமே என்பதை அது விடாமல் காட்டுகிறது.

அந்த மனத்தை வெறுமையாக்கு என்று ஆணையிடுவதில்தான் சிக்கல் இருக்கிறது, ஏனெனில் ‘எதையும் நினைக்கக் கூடாது’ என்பதும் ஒரு நினைப்பே. 1896 செப்டம்பர் 1-ஆம் நாள் பதினாறு வயதில் திருவண்ணாமலை வந்து சேர்ந்த ரமணர், 1901, 1902 ஆண்டுகளில் விரூபாக்ஷ குகையில் இருந்தபோது, வருவாய்த்துறையில் பணிபுரிந்த சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்குப் பேசாமல் எழுதிக் காட்டிய விடைகளே பின்னர் ‘நான் யார்?’ என்ற சிறு நூலாயின. எண்ணங்களை ஒவ்வொன்றாக விரட்டும்படி அந்நூல் சொல்லவில்லை; எழும் எண்ணம் யாருக்கு எழுகிறது என்ற ஒரே விசாரத்தில் மனத்தை நிறுத்தினால் மற்றவை தாமே அடங்கும் என்கிறது. பிடித்துக்கொள்ள ஒன்றைக் கொடுத்தாலன்றி மனம் மற்றவற்றை விடாது என்பதே இதன் உட்பொருள்.

ஆய்வுக்கூடங்களும் வேறு பாதையில் இதற்கு அருகே வந்திருக்கின்றன. 1992-இல் ரிச்சர்டு மாஸ்டர்ஸ் வெளியிட்ட ஆய்வில், குழியை நோக்கிப் பந்தை மெல்ல உருட்டும் ‘பட்டிங்’ அடியைப் புதியவர்களில் ஒரு பிரிவினர் விதிகளைப் படித்துக் கற்றனர். இன்னொரு பிரிவினர் அடிக்கும்போதே எழுத்துகளைத் தாறுமாறாகச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருந்ததால் விதி எதையும் மனத்தில் சேர்க்க முடியவில்லை. பணமும் மதிப்பீடும் சேர்ந்து நெருக்கடி தந்தபோது தடுமாறியவர்கள் விதி தெரிந்தவர்களே. 1999-இல் கேப்ரியேலே வுல்ஃபும் உடன் ஆய்வாளர்களும், கையின் அசைவைக் கவனித்தவர்களைவிட மட்டையின் அசைவைக் கவனித்தவர்கள் இலக்குக்கு நெருக்கமாக அடித்தனர் என்று கண்டனர். ரமணர் கவனத்தை உள்ளே திருப்புகிறார், இவர்களோ வெளியே திருப்புகிறார்கள் என்ற வேறுபாட்டை மறைக்கத் தேவையில்லை; வீச்சின் நடுவில் ‘வீசுவது யார்?’ என்று விசாரிக்கப் புகுந்தவர் பந்தைத் தவறவிடுவது உறுதி.

வெளிக் கவனத்துக்கு எடுத்துக்காட்டு திருவண்ணாமலையிலேயே கிடைக்கிறது. அண்ணாமலையை வலமாகச் சுற்றிவரும் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர் நீளமுள்ளது; வெறுங்காலோடு நடப்பவரின் பாதத்தில் பகலில் தார்ச்சாலை சுடும், இரவில் பொடிக்கல் குத்தும். ஆனாலும் குதிகாலை எப்படி ஊன்றுவது, முழங்காலை எவ்வளவு மடக்குவது என்று யாரும் அங்கே யாருக்கும் கற்பிப்பதில்லை. நிறைமாதக் கர்ப்பிணியான அரசி நடப்பதுபோல் நடக்க வேண்டும் என்ற ஒரு சித்திரத்தை மட்டும் மரபு தருகிறது. வேகம், அடியின் நீளம், உடலின் நிமிர்வு எல்லாம் அதற்குள் அடங்கிவிடுகின்றன. கண் வலப்பக்கத்து மலையிலும், நினைப்பு பாதையோரம் அடுத்து வரும் லிங்கக் கோயிலிலும் இருக்க, கால்கள் தம் வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. மாஸ்டர்ஸும் பின்னர் மேசைப்பந்தில் இதைப் போன்றதொரு முறையைச் சோதித்தார்: விதிகளுக்குப் பதிலாக, செங்கோண முக்கோணத்தின் சாய்ந்த பக்கத்தில் மட்டை ஏறுவதாக எண்ணிக்கொள்ளச் சொன்னார்.

அடிக்குமுன் மூச்சை நீள விடும்படி கோல்ஃப் பயிற்சியாளர்கள் கூறுவதையும் ‘நான் யார்?’ நூலோடு வைத்துப் பார்க்கலாம். மூச்சு அடங்கினால் மனம் அடங்கும், மூச்சு வெளிப்பட்டதும் மனமும் வெளிப்பட்டு அலையும் என்று அந்நூல் அந்த உபாயத்தின் எல்லையைக் குறிக்கிறது. இத்தகைய தற்காலிக ஒடுக்கம் மனோலயம். மீண்டும் எழாதபடி அழிவது மனோநாசம். இவ்வேறுபாட்டை விளக்க ரமணர் கூறியதாக ஒரு கதை உண்டு: கங்கைக் கரையில் சீடனிடம் தண்ணீர் கேட்ட யோகி, அது வருவதற்குள் லயத்தில் ஆழ்ந்து, அரசுகள் மாறி நெடுங்காலம் சென்றபின் கண் விழித்ததும், முதலில் ‘தண்ணீர்’ என்றே கேட்டார். நின்ற இடத்திலேயே மனம் மறுபடி தொடங்கியது என்பதால் ரமணர் இதைக் குறையாகவே கருதினார்.

கோல்ஃபருக்கோ அந்தக் குறையால் நட்டமில்லை. அவருக்கு வேண்டிய அமைதி இரண்டு விநாடிக்கு மேற்பட்டதன்று. பந்து போய் விழுந்தபின் முழங்கையைப் பற்றிய கவலை திரும்பி வந்தால் வரட்டும், அதைத் தீர்த்துக்கொள்ளப் பயிற்சித் திடல் இருக்கிறது. பந்தின் முன் நிற்கும்போது ஒரு நீண்ட மூச்சும், மட்டை போக வேண்டிய வழியைப் பற்றிய ஒரே சித்திரமும் போதும். அதற்கு மேல் ரமணரின் நூலில் உள்ளவை ஆட்டத்தைச் செம்மைப்படுத்த எழுதப்பட்டவை அல்ல. அவற்றை அப்படிப் படிப்பது நூலுக்கும் நியாயம் செய்யாது, ஆட்டத்துக்கும் உதவாது.