மஞ்சள் விளக்கும் அளவுக் கம்பியும்

காரின் முன்பலகையில் ஒயிலுக்கென்று இரண்டு எச்சரிக்கைகள் இருக்கின்றன. சிவப்பு, ஒயிலின் அழுத்தம் விழுந்துவிட்டது என்பதற்கு. அது எரிந்தால் வீதியோரத்தில் நிறுத்தி எஞ்சினை அணைப்பதைத் தவிர வேறு பேச்சில்லை. மஞ்சள் வேறு. ஒயில் குறைந்திருக்கலாம், அல்லது ஒயிலை அளக்கிற சென்சோரே பழுதாகியிருக்கலாம். இந்த 'அல்லது'தான் எங்களை ஒரு பனிக்காலம் முழுவதும் அலைக்கழித்தது.

வில் நகரத்து ஸ்ரேசனிலிருந்து சூரிச்சுக்கும் சென்காலனுக்கும் வற்வில் பக்கத்துக்கும் றெயில் இருக்கிறது. ஆனால் நாங்கள் இருவரும் துப்புரவு வேலைக்குப் புறப்படுகிற நேரத்தில் முதல் றெயிலும் ஓடத்தொடங்கியிருக்காது. கார் நின்றால் வேலை நிற்கும். அப்படியான ஒரு தைமாதத்து விடியப்புறத்தில்தான் மஞ்சள் விளக்கு எரிந்து, 'எல்சென்சோர், வேர்க்ஸ்ரற்' என்று எழுத்து வந்தது. ஒயில் சென்சோர், கராஜ். அவ்வளவுதான். இந்த நாட்டில் காருக்கும் எங்களுக்கு வருகிற கடிதங்களுக்கும் ஒரே மொழிநடை: என்ன நடந்தது என்று சொல்லாது, எங்கே போகவேண்டும் என்று மட்டும் சொல்லும்.

எங்கள் கார் பழையது. அதனால் அதில் ஒயில் பார்க்கிற கம்பி இன்னும் இருந்தது. சமதரையில் நிறுத்தி, ஒயில் கீழே வடியச் சில நிமிடங்கள் விட்டு, கம்பியை இழுத்துத் துணியால் துடைத்து, திரும்பச் செருகி எடுத்துப் பார்த்தோம். மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே ஒயில் நின்றது. அடுத்தநாளும் அதே இடம்தான். பொய் சொன்னது சென்சோர்.

கராஜில் ஒரு பெடியன் கொம்பியூட்டரைக் கொழுவிப் பார்த்து, சென்சோரை மாற்றவேண்டும் என்றான். அது எஞ்சினின் அடித்தட்டில், ஒயிலுக்குள் தலையை வைத்தபடி பூட்டப்பட்டிருக்கிறது. கழற்றுவதென்றால் ஒயில் முழுவதையும் வடிக்கவேண்டும். சாமானின் விலையைவிடக் கைக்கூலி கூட. இரண்டு மாதத்துக்கு முன் ஊற்றிய நல்ல ஒயிலை வடித்துக் கொட்ட மனம் ஒப்பவில்லை.

யாழ்ப்பாணத்தில் கராஜ் வைத்திருந்த அண்ணை ஒருவர் இங்கே றெஸ்ரோறன்ற் ஒன்றில் கோப்பை கழுவுகிறார். ஞாயிற்றுக்கிழமை காரை உயர்த்தித் தாங்கி வைத்துவிட்டு அடியில் படுத்து, சென்சோரின் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். ஊசிகளில் பச்சை பூத்திருந்தது. பனிக்கு வீதியில் கொட்டுகிற உப்பு, காரின் அடிப்பக்கத்து வயர்களைத்தான் முதலில் தின்கிறது.

"தம்பி, இது எட்டிப் பார்த்து அளக்கிறேல்லை. உள்ளுக்கை ஒரு சின்னக் கம்பியைச் சூடாக்கி, எவ்வளவு கெதியா ஆறுது எண்டு பார்க்குது. ஒயிலுக்கை நிண்டால் கெதியா ஆறும். வெளியிலை நிண்டால் ஆறாது. வயர் பழுதெண்டால் அது என்னத்தையும் சொல்லும்."

சுத்தம் செய்து பூட்ட விளக்கு அணைந்தது. ஒன்பதாம் நாள் மறுபடி எரிந்தது. உள்ளேயும் பழுது. அடுத்த ஒயில் மாற்றும் வரைக்கும் பொறுக்கலாம், ஆனால் சனிக்கிழமை தவறாமல் கம்பியைப் பாருங்கோ என்றார். அவர் பயந்தது வேறொன்றுக்கு. எப்போதும் எரிகிற விளக்கைக் கண் பார்க்காமல் விட்டுவிடும். உண்மையாக ஒயில் குறைகிற அன்றைக்கும் எரியப்போவது அதே மஞ்சள்தான். இன்னொரு பயமும் உண்டு. விளக்கை நம்பிக் கம்பியைப் பார்க்காமல் ஒரு லீற்றர் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலான கார்களில் கீழ் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் இடையில் கொள்வதே ஏறக்குறைய ஒரு லீற்றர். கூடிப்போனால் சுழலுகிற தண்டு ஒயிலை அடித்து நுரையாக்கும். நுரை எஞ்சினைக் காக்காது.

1990இலிருந்து 1995 வரை பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்த யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின்களும் மொறிஸ்மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலை விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய். அது முழுக்க எரியாது. மிச்சம் சிலிண்டர் சுவரால் வழிந்து ஒயிலோடு கலக்கும். கம்பியில் ஒயில் குறைவதற்குப் பதில் கூடும். கூடுகிறதே என்று சந்தோசப்பட்டவன் எஞ்சினை இழந்தான் என்றார் அண்ணை. அவர் கம்பியை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோவார், விரலில் தேய்த்துப் பார்ப்பார், பிறகுதான் கோட்டைப் பார்ப்பார். மணத்தையும் வழுவழுப்பையும் எங்கள் காரின் சென்சோர் அறியாது. இது பழங்கதையல்ல. புகைவடியைத் தானே எரித்துச் சுத்தமாக்குகிற இன்றைய டீசல் கார்களிலும், கிட்டத்துக்குக் கிட்டமே ஓடினால், எரியாத டீசல் ஒயிலில் சேர்ந்து அளவு கூடுகிறது.

சித்திரையில் ஒயில் மாற்றும்போது சென்சோரையும் மாற்றினோம். மூன்று திருகாணி, ஒரு புது வாசர். ஒயில் எப்படியும் வடிக்கவேண்டியிருந்ததால் கூலி பாதியாயிற்று. விளக்கு அணைந்தது. அந்தப் பனிக்காலம் முழுவதும் கம்பியில் ஒயில் ஒரு விரல்கூட இறங்கவில்லை.

இப்போது வேறு கார் பார்க்கிறோம். 2000ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியிலிருந்து பிஎம்டபிள்யூ போன்றவை பல எஞ்சின்களில் கம்பியையே எடுத்துவிட்டன; அளவைத் திரையில்தான் பார்க்கலாம். விற்கிறவர் திரையை எங்களுக்குப் பெருமையோடு காட்டிக்கொண்டிருந்தார். கூட வந்த அண்ணை முன்மூடியைத் திறந்து, எஞ்சினைச் சுற்றிக் கையால் தடவித் தேடிக்கொண்டிருந்தார்.