சோறு போட்ட குற்றம்

எடிசன், நியூஜெர்சி

பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்காவுக்கு கிரீன் கார்டு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்க இந்த வாரம் உட்கார்ந்தேன். பெயர், ஊர், பிறந்த தேதி எல்லாம் சரசரவென்று ஓடின. அப்புறம் பாதுகாப்புக் கேள்விகள். ஆயுதக் குழு எதற்காவது பணம், பொருள், உழைப்பு என்று எந்த உதவியாவது எப்போதாவது செய்ததுண்டா? அக்கா யோசிக்கவே இல்லை. "வீட்டுக்கு வந்த பெடியளுக்குச் சோறு குடுத்தனான் தம்பி. குடுக்காமல் இருக்கேலுமே?"

எனக்குத்தான் கை நின்றுபோனது.

இந்தக் கேள்விக்குப் பின்னாலுள்ள சட்டத்தை நம்மூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். விடுதலைப்புலிகள் 1997 அக்டோபரில் அமெரிக்காவின் பயங்கரவாதப் பட்டியலில் ஏறினார்கள். 2009 மே மாதத்தோடு இயக்கமே அழிந்துவிட்டது. பட்டியலில் பெயர் மட்டும் இன்னும் இருக்கிறது. பட்டியலில் இல்லாத குழுவாக இருந்தால் தப்பில்லை என்று நினைக்காதீர்கள். இரண்டு பேர் சேர்ந்து ஆயுதம் எடுத்தாலே குடிவரவுச் சட்டத்துக்கு அது பயங்கரவாதக் குழுதான். அவர்களுக்குச் செய்த உதவிக்கு 'பொருள் ஆதரவு' என்று பெயர். எவ்வளவு கொடுத்தாய் என்ற கணக்கு கிடையாது; துப்பாக்கி முனையில் கொடுத்தேன் என்றாலும் செல்லாது. வேண்டுமானால் அரசு மனம் இரங்கி விலக்குத் தரலாம்; அதற்கு வருஷக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு.

எல் சால்வடாரில் 1990-ல் ஒரு பெண்ணைக் கொரில்லாக்கள் கடத்திப்போனார்கள். புருஷனைக் கண்ணெதிரே கொன்றுவிட்டு, அவளைச் சமைக்கவும் துணி துவைக்கவும் வைத்தார்கள். அதுவும் பொருள் ஆதரவுதான் என்று 2018-ல் இங்குள்ள குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் தீர்ப்பெழுதியது. அந்த உள்நாட்டுப் போர் நடந்த காலம் முழுக்க எல் சால்வடார் ராணுவத்துக்குக் காசும் ஆயுதமும் அனுப்பிக்கொண்டிருந்தது வாஷிங்டன். பக்கத்து நிகரகுவாவில் கான்ட்ரா கிளர்ச்சிப் படையை வளர்த்ததும் இவர்கள்தான். அது சட்டவிரோதம் என்று சர்வதேச நீதிமன்றம் 1986-ல் சொன்னபோது, உன் தீர்ப்பு எங்களைக் கட்டாது என்று கையை உதறினார்கள். சோறு பொங்கியவள் குற்றவாளி. பீரங்கி அனுப்பியவன் விண்ணப்பத்தைச் சரிபார்க்கிறான்!

புலிகளுக்கும் குர்து இயக்கத்துக்கும் சமாதானமாகப் பிரச்சினையைத் தீர்க்கச் சொல்லித்தர விரும்பி ஒரு மனித உரிமை அமைப்பு இங்குள்ள உச்ச நீதிமன்றம் வரை போனது. 2010 ஜூனில் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பு: அதையும் சொல்லித்தரக் கூடாது.

எங்கள் ஊர் நத்தத்தில் நின்றால் மேற்கே சிறுமலை தெரியும். குதிரை முதுகில் வாழைத்தார் இறங்கும் மலை. எண்பதுகளில் அங்கே புலிகளின் பயிற்சி முகாம் இருந்தது. சின்னப்பையன்களான எங்களுக்கும் அரசல்புரசலாகத் தெரியும். மாரியம்மன் கோயில் மாசித் திருவிழாக் கூட்டத்தில்கூடப் பெரியவர்கள் குரலைத் தாழ்த்தி அதைப் பேசிக்கொண்டார்கள். 83 ஜூலைக் கலவரத்துக்கு அப்புறம் ஈழத்துப் பிள்ளை என்றால் எந்த வீட்டிலும் இலை விழும். பசி என்று வந்தவனிடம், நீ எந்தப் பட்டியலில் இருக்கிறாய் என்று எங்கள் பக்கம் கேட்கிற வழக்கமில்லை. இந்த விண்ணப்பத்தை அன்றைக்குத் தமிழ்நாட்டில் விநியோகித்திருந்தால் கோட்டையிலிருந்து குக்கிராமம் வரை எல்லோரும் 'ஆம்' என்றுதான் எழுதியிருக்க வேண்டும். எம்.ஜி.ஆர். பணம் கொடுத்ததைப் புலிகளின் ஆலோசகர் பாலசிங்கமே புத்தகத்தில் எழுதிவைத்திருக்கிறார்.

டில்லியை மட்டும் விட்டுவிடவா? நம்ம வட்டாரத்து வல்லரசு அதுதானே. டேராடூன் பக்கம் சக்ராத்தாவில் ஈழப் போராளிகளுக்கு ஆயுதப் பயிற்சி கொடுத்தது இந்திய உளவுத்துறை. 1987-ல் ஒப்பந்தம் போட்டுவிட்டு, அதே பையன்களை அடக்க அமைதிப்படையை அனுப்பியதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நம் சிப்பாய்கள் செத்தார்கள். யாழ்ப்பாணத்தில் செத்த சனங்களைப் பற்றி அக்காவிடம் கேட்டால் இந்த மடல் போதாது.

ராஜீவ் கொலையை மறந்துவிட்டாயா என்று எழுதப்போகிறீர்கள். மறக்கவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது பயங்கரவாதம்தான். அதற்கு வழக்கு நடந்தது, தண்டனை கொடுத்தார்கள், 1992-ல் புலிகளைத் தடை செய்தார்கள். அந்தக் கொலையை விசாரித்த ஜெயின் கமிஷனின் இடைக்கால அறிக்கை 1997-ல் வெளியானதும், புலிகளுக்கு இடம் கொடுத்தது என்று தி.மு.க.வை மந்திரிசபையிலிருந்து நீக்கச் சொல்லி, நடக்காதபோது குஜ்ரால் ஆட்சியையே கவிழ்த்தது காங்கிரஸ். சக்ராத்தாவுக்கு ஆள் சேர்த்து அனுப்பிய டில்லிக்காரர்கள் மேல் மட்டும் ஒரு வழக்குக்கூடப் பதிவாகவில்லை.