வாசலுக்கு வரும் வல்லூறு



உலையிறக்கியதும் ஒரு பிடி சோற்றைக் காக்கைக்கு வைத்துவிட்டுச் சாப்பிடுவது நம் பாட்டிமார் காட்டிய வழி. லயத்து வீட்டை விட்டுத் தாமான் வீட்டிற்குக் குடிவந்த பிறகும் அந்தப் பழக்கம் நம்மோடு வந்திருக்கிறது. இங்கே தெலுக் பங்லிமா காராங்கிலும் பல வீடுகளின் பின்புறத்தில் அரிசி இறைக்கிறார்கள். மணிப்புறாவும் மைனாவும் கூடுகின்றன. பார்க்க மனதுக்கு நிறைவாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஒருநாள் மரத்திலிருந்து வல்லூறு பாய்ந்து, ஒரு புறாவைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. "நாம் தீனி போட்டதை இந்தப் பாவி கொண்டு போகிறதே!" என்று கல்லைத் தேடுகிறோம்.

கல்லை எடுக்குமுன் சற்று எண்ணிப் பாருங்கள். நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் புறாக்கள் கூடினால், அது வல்லூறுக்குப் பந்தி விரித்த மாதிரிதானே? அக்டோபர் முதல் மார்ச் வரை, வடநாடுகளின் குளிருக்குத் தப்பி வரும் வல்லூறுகளும் நம் பக்கம் உண்டு. மார்ச் மாதத்தில் அவை திரும்பிப் போவதைப் போர்ட்டிக்சன் அருகே தஞ்சோங் துவானில் காணலாம்.

கோழிக்குடலை வெளியே வீசினால் செம்பருந்து வரும். கோயில் கும்பாபிஷேகத்தன்று வானத்தில் வட்டமிடாதா என்று நாம் கைகூப்பிக் காத்திருக்கும் கருடன் அதுதான். கோபுரத்தின் மேலே தெய்வம், கொல்லைப்புறத்தில் திருடனா? லங்காவியில் சுற்றுப்பயணிகள் பார்ப்பதற்காகக் கோழித்தோலை வீசிப் பருந்துகளை வரவழைத்ததை இயற்கை ஆர்வலர்கள் கண்டித்திருக்கிறார்கள். அந்தத் தீனியில் போதிய சத்து இல்லை. வேட்டைப் பழக்கமும் கெட்டுப்போகும் என்பது அவர்கள் கவலை.

இரவில் மிஞ்சிக் கிடக்கும் அரிசிக்கு எலி வரும். எலியைத் தேடிக் கூகை வரும். கூகை அலறினால் அபசகுனம் என்று அஞ்சுவோர் நம்மில் உண்டு. செம்பனைத் தோட்டங்களிலோ அதற்குப் பெட்டி கட்டிக் கூடு வைத்துக் கொடுக்கிறார்கள். ஒரு ஜோடி, குஞ்சுகளோடு சேர்ந்து, ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளைத் தின்னும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஆகவே எலிக்கு விஷம் வைக்கும் தாய்மார்கள் கவனியுங்கள். மருந்து தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாட்கள் தள்ளாடித் திரியும். அதைப் பிடித்துத் தின்னும் கூகைக்கும் விஷம் ஏறும். எலியைக் குறைக்க வந்த காவலாளியையே நாம் கொன்றுவிடுவோம். பிறகு பெருகும் எலியால் வருவது எலிச் சிறுநீர்க் காய்ச்சல். அது பிள்ளைகளின் உயிருக்கே ஆபத்து.

செய்ய வேண்டியது எளிது. வல்லூறு வந்தால் ஒன்றிரண்டு வாரம் தீனியை நிறுத்துங்கள். புறாக்கள் கலையும், வல்லூறும் வேறிடம் தேடும். மீண்டும் வைக்கும்போது கொஞ்சமாக, பறவைகள் ஓடி ஒளியப் புதர் இருக்கும் இடத்தில் வையுங்கள். மாலைக்குள் மிச்சத்தைக் கூட்டி அள்ளுங்கள். கோழிக்குஞ்சு போனால் குடும்பத்துக்கு நட்டம்தான். அவற்றைப் பஞ்சாரத்திலோ வலைக்குள்ளோ அடையுங்கள். கல்லும் கண்ணியும் வேண்டாம். 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இப்பறவைகளுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது.

குருவிக்கு இரங்கும் மனம் நமக்கு இருக்கிறது. வல்லூறுக்கும் கூட்டில் குஞ்சுகள் காத்திருக்கும் என்பதையும் அந்த மனம் அறிந்துகொண்டால் போதும்.