கடல் இல்லாத ஊருக்குக் கடல் வந்த நாள்

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் இந்திரலிங்கத்திலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால், ஐந்தாவது வருணலிங்கம். அடுத்தது வாயுலிங்கம். 14 கிலோமீட்டர் சுற்றில் பாதியைத் தாண்டிவிட்ட இடம். பௌர்ணமி இரவில் இங்கே வரும்போதுதான் பலருக்கும் கால் கெஞ்ச ஆரம்பிக்கும். ஒரு சுக்குக் காபி, ஐந்து நிமிடம் உட்கார இடம், வருணனுக்கு ஒரு கும்பிடு. பிறகு மறுபடி நடை. கடலுக்கும் மழைக்கும் அதிபதியான தெய்வத்துக்கு, கடலே கண்ணில் படாத இந்த ஊரில் என்ன வேலை என்று யாரும் கேட்பதில்லை.

கடல் இங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. செஞ்சிக் கோட்டையை வேடிக்கை பார்த்தபடி பஸ்ஸில் போனால், காலையில் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்குள் புதுச்சேரி கடற்கரையில் நிற்கலாம். 2024 டிசம்பர் 1-ஆம் தேதி அந்தக் கடலே கிளம்பித் திருவண்ணாமலைக்கு வந்தது.

முந்தைய நாள், நவம்பர் 30-ஆம் தேதி இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்ததும் போய்விடாமல் அங்கேயே நின்றது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் 50 சென்டிமீட்டரைத் தொட்டது. பிறகு மெல்ல மேற்கே நகர்ந்து அண்ணாமலையார் மலையில் இறங்கியது மழை. மறுநாள் மாலை, மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து வீடுகளை மூடின. ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் வந்து, மழைக்கு நடுவே பாறைகளைப் புரட்டித் தேடியும் ஒருவரைக்கூட உயிரோடு மீட்க முடியவில்லை.

அதே நேரத்தில் தெற்கே சாத்தனூர் அணை நிரம்பி, டிசம்பர் 2-ஆம் தேதி அதிகாலையில் விநாடிக்கு ஒன்றரை லட்சம் கனஅடிக்கு மேல் தண்ணீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. கடலிலிருந்து மேகமாக வந்த தண்ணீர், திருக்கோவிலூரையும் கரையோர ஊர்களையும் அலைக்கழித்துவிட்டு, கடலூர் பக்கம் மறுபடி கடலுக்கே போய்ச் சேர்ந்தது.

அந்தத் தண்ணீர் போன வழியிலேயே நாமும் கரை வரை போகலாம். சாத்தனூர் அணை 1958-ல் கட்டி முடிக்கப்பட்டது. பூங்கா, முதலைப் பண்ணை, வறுத்த மீன் என்று சுற்றுவட்டாரக் குடும்பங்களின் ஞாயிற்றுக்கிழமைக் கொண்டாட்டத் தலம். அங்கிருந்து கிழக்கே ஆற்றோடு போய்க் கரையைத் தொட்டதும், இடது கைப்பக்கம் திரும்பினால் புதுச்சேரி. அங்கேதான் இந்தக் கதையின் இன்னொரு பாதி இருக்கிறது.

2024 ஆகஸ்ட் 18-ஆம் தேதி, புயலுக்கு மூன்றரை மாதம் முன்பு, இந்தியக் கடலோரக் காவல் படையின் வான்தளம் ஒன்று புதுச்சேரியில் திறந்துவைக்கப்பட்டது. கடலில் தத்தளிப்பவர்களைத் தேடி ஹெலிகாப்டர்கள் கிளம்பும் இடம். அதே நாளில் சென்னையில் கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்குப் புதுக் கட்டடமும் திறக்கப்பட்டது. வங்கக் கடலின் இந்தப் பகுதியில் ஒரு கப்பல் ‘காப்பாற்றுங்கள்’ என்று கூப்பிட்டால், அந்தக் குரல் வந்து சேரும் இடம் அந்த மையம்தான்.

கடலோரக் காவல் படை என்றதும் பலருக்கும் கடற்படைதான் நினைவுக்கு வரும். இரண்டும் வேறு. கடற்படைக் கப்பல் சாம்பல் நிறம். இது வெள்ளை உடம்பில் சாய்வான பட்டை போட்ட கப்பல். கடற்படை போருக்கு, இது அன்றாடத்துக்கு. கடத்தல்காரர்களைப் பிடிப்பது, எல்லை தாண்டி வரும் படகுகளைத் தடுப்பது, எண்ணெய் கொட்டினால் அது பரவாமல் தடுக்கும் வேலையை ஒருங்கிணைப்பது, புயலில் மாட்டியவர்களைத் தூக்கி வருவது எல்லாம் இவர்கள் பொறுப்பு. முழக்கத்திலும் வித்தியாசம் உண்டு. கடற்படை ‘வருணன் எங்களுக்கு மங்களம் தரட்டும்’ என்று வேண்டிக்கொள்கிறது. கடலோரக் காவல் படை ‘வயம் ரக்ஷாமஹ’, அதாவது ‘நாங்கள் காக்கிறோம்’ என்கிறது. இந்தப் படையில் முன்பு ‘வருணா’ என்ற பெயரிலேயே ஒரு கப்பலும் இருந்தது.

படை பிறந்த கதையும் சுவையானது. 1970-களில் கடல் வழியாகக் கடத்தல் கொடிகட்டிப் பறந்தது. டேப் ரெக்கார்டர், கைக்கடிகாரம், தங்கம் எல்லாம் இரவோடு இரவாகக் கரை இறங்கின. போலீஸ் அதிகாரியான கே.எஃப். ருஸ்தம்ஜி தலைமையில் அமைந்த குழு, கடலுக்கென்று தனிக் காவல் வேண்டும் என்றது. 1976-ல் வந்த சட்டத்தால், கரையிலிருந்து 200 கடல் மைல், சுமார் 370 கிலோமீட்டர் தூரம் வரையிலான கடல் வளம் இந்தியாவின் உரிமையானது. உரிமை வந்தால் காவலும் வேண்டுமே! 1977 பிப்ரவரி 1-ல் இடைக்கால ஏற்பாடாகவும், 1978 ஆகஸ்டில் முறையான சட்டத்துடனும் படை வந்தது. கையில் இருந்தவை கடற்படை கொடுத்த இரண்டு பழைய போர்க்கப்பல்களும் ஐந்து ரோந்துப் படகுகளும்தான்.

இன்று அதன் பெரிய ரோந்துக் கப்பல்கள் சில நம் ஊரிலேயே உருவானவை. சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் எல் அண்ட் டி கட்டிய ஏழு கப்பல்கள் 2018-லிருந்து 2021-க்குள் படையில் சேர்ந்தன. ஒவ்வொன்றும் நூறு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான நீளம்.

அமைப்பு எளிமையானது. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ், டெல்லியில் தலைமை இயக்குநர். அவருக்குக் கீழே ஐந்து மண்டலங்கள். தமிழகம் வரும் கிழக்கு மண்டலத்துக்குத் தலைமையகம் சென்னை. மண்டலத்துக்குக் கீழே மாவட்டங்கள், அவற்றின் கீழ் தூத்துக்குடி, மண்டபம், காரைக்கால் போன்ற நிலையங்கள். மண்டபத்தில் மட்டும் ஒரு விசேஷம். அங்கே கடல் ஆழமில்லை, மணல் திட்டுகள் வேறு. சாதாரணக் கப்பல் தரைதட்டும். அதனால் காற்று மெத்தைமேல் மிதந்து, தண்ணீரிலும் மணலிலும் ஓடும் ஹோவர்கிராஃப்ட் வைத்திருக்கிறார்கள். 2023 ஜூனில் மன்னார் வளைகுடாவில் கடத்தல்காரர்கள் கடலில் வீசிய தங்கத்தை முக்குளித்து எடுத்தார்கள். வருவாய்ப் புலனாய்வுத் துறையோடு சேர்ந்து அப்போது பிடித்த மொத்தத் தங்கம் 32 கிலோவுக்கு மேல்! ஃபெஞ்சல் உருவாகிக்கொண்டிருந்த அதே வாரத்தில், அந்தமான் அருகே ஒரு மீன்பிடிப் படகிலிருந்து சுமார் 6,000 கிலோ போதைப்பொருளையும் பிடித்திருந்தார்கள்.

ஆனால், திருவண்ணாமலைக்காரர்கள் கவனிக்க வேண்டியது தங்க வேட்டையை அல்ல. புயல் எச்சரிக்கை வந்ததும் கடலில் நடப்பதைத்தான். வானிலை மையம் சொன்னவுடன் மீன்வளத் துறை படகுகளைக் கரையில் நிறுத்துகிறது. ஏற்கெனவே ஆழ்கடலுக்குப் போனவர்களைத் தேடிக் காவல் படையின் விமானங்களும் கப்பல்களும் போகின்றன. ரேடியோவில் தமிழிலும் கூப்பிட்டு, ‘திரும்பிப் போங்கள்’ என்று சொல்கின்றன. புயல் வந்த பிறகு மீட்பதைவிட, வருமுன் கரை சேர்ப்பதுதான் பாதி வேலை.

இதுவும் சும்மா வந்த ஒழுங்கு இல்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது, கன்னியாகுமரி மாவட்ட மீனவர்கள் பலர் எச்சரிக்கை எட்டாத தூரத்தில் இருந்தார்கள். பல நாள் கடலில் தங்குகிறவர்களிடம் கரையோடு பேசக் கருவி இல்லை. பலர் திரும்பவே இல்லை. தேடுதல் போதவில்லை என்று மீனவர்களே படகெடுத்துத் தேடப் போனார்கள். கடலோரக் கிராமங்களில் அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை, அதில் நியாயமும் இருக்கிறது. அதன் பிறகுதான் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகள் விசைப்படகுகளில் ஏற ஆரம்பித்தன.

இப்போது மலைக்கு வருவோம். பேரிடர் வந்தால் தரையிலும் பொறுப்பாளர் உண்டு. 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர்தான் தலைவர். அரக்கோணத்தில் தேசிய மீட்புப் படையின் பட்டாலியன் தயாராக இருக்கிறது. குறை அதில் இல்லை. பேரிடர் இல்லாத நாளில் என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி. கடலில் வெயில் அடிக்கும் நாளிலும் ஒரு வெள்ளைக் கப்பல் சுற்றிக்கொண்டிருக்கிறது. மலைச்சரிவில் அப்படி யார் சுற்றுகிறார்கள்? காடு வனத் துறையிடம், கோயில் அறநிலையத் துறையிடம், அடிவாரத் தெரு மாநகராட்சியிடம், நிலம் வருவாய்த் துறையிடம் என்று பிரிந்து கிடக்கிறது. எந்தப் பாறை எந்தத் தெருவுக்கு மேலே நிற்கிறது, அதன் காலடி மண் எவ்வளவு ஊறியிருக்கிறது என்று மழைக்கு முன்பே போய்ப் பார்ப்பதையே முழுநேர வேலையாகக் கொண்ட ரோந்து ஒன்று இந்த மலைக்கும் தேவை.

மண்சரிவு நடந்த 12-ஆவது நாள், டிசம்பர் 13-ல், கார்த்திகை தீபம். புவியியல் வல்லுநர்கள் மலையேறிப் பார்த்துவிட்டு வந்தார்கள். வழக்கமாக அனுமதிச் சீட்டுடன் மலை ஏறும் பக்தர்களுக்கு அந்த ஆண்டு அனுமதி இல்லை. கொப்பரையையும் நெய்யையும் சுமக்கும் ஆட்கள், பூஜைக்கு வேண்டியவர்கள், காவலர்கள் மட்டும் போனார்கள். பல வருடமாக ஏறிப் பழகியவர்களுக்கு வருத்தம்தான். ஆனாலும் மாலையில் 2,668 அடி உச்சியில் தீபம் எரிந்தது. கீழே லட்சக்கணக்கானவர்கள் ‘அரோகரா’ சொன்னார்கள். பார்ப்பதற்கு முந்திக்கொண்டு எச்சரித்த ஒரு முறை அது. வருடா வருடம் மழைக்கு முன்பே அதே வல்லுநர்கள் மலையேறினால் இன்னும் நல்லது.

இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு செய்தி. பழைய வட ஆற்காட்டுப் பக்கம் ராணுவத்தில் சேர்கிறவர்கள் அதிகம். கடலோரக் காவல் படைக்குக் கடற்கரையில் பிறந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் படித்தவர்கள் ‘நாவிக்’ பணிக்கும், டிப்ளமோ முடித்தவர்கள் ‘யாந்திரிக்’ பணிக்கும், பட்டதாரிகள் உதவி கமாண்டன்ட் பணிக்கும் தேர்வு எழுதலாம். நாவிக்குகளுக்குப் பயிற்சி ஒடிசாவின் சில்காவில்.

கார்த்திகை மாதத்தில் திருவண்ணாமலை போகிறவர்கள் கிளம்பும் முன் வங்கக் கடலில் என்ன நடக்கிறது என்று ஒரு முறை வானிலைச் செய்தியைப் பார்த்துவிடுவது நல்லது. தாழ்வு மண்டலம் இருந்தால், அடிவாரச் சரிவை ஒட்டிய தெருக்களில் தங்காமல் ஊருக்குள் அறை எடுங்கள். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படையைக் கூப்பிட 1554. தரையில் மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. இரண்டையும் போனில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.