தொலைவறியாச் சுவை

மதுவைப் பற்றித் தமிழில் எழுதுவோர் பெரும்பாலும் இரு சாரார். ஒரு சாரார் அதன் கேட்டை எழுதுவர். மறுசாரார் அதன் மயக்கத்தை எழுதுவர். அதன் சுவையை எழுதுவோர் மிகச் சிலர். சங்கப் புலவர்கள் அப்படியிருக்கவில்லை. கள், தேறல், நறவு, மட்டு, பிழி, தோப்பி என அவர்கள் பெயரிட்டு வேறுபடுத்தியவற்றையெல்லாம் இன்று 'ஒருவகை மது' என்ற ஒற்றை உரைக்குள் அடக்கி வகுப்பைக் கடந்துவிடுகிறோம். சுவைத்தறியாத ஒன்றுக்கு அகராதி அதற்குமேல் உதவாது. 2023ஆம் ஆண்டுக் கோடையில் மூன்று வாரம் பவேரியாவில் தங்க வாய்த்தபோது, சுவைக்கும் தொலைவுக்கும் உள்ள உறவைப் பற்றிச் சில செய்திகளை நாங்கள் நாவால் கற்றுக்கொண்டோம். அவற்றைப் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

நாங்கள் என்பது கணவன் மனைவி இருவர். எங்களில் ஒருவர் தமிழ் கற்பிப்பவர், மற்றவர் வேதியியல் கற்பிப்பவர். மியூனிக்கில் பணிபுரியும் உறவினர் வீட்டில் தங்கியிருந்தோம்.

பவேரியப் பீர் எங்களுக்கு முற்றிலும் புதியதன்று. முன்பொருமுறை வளைகுடாவிலிருந்து வந்த உறவினர் ஒருவர் இரண்டு பாட்டில்களைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். பெயர்பெற்ற ஆலையின் சரக்கு, அழகிய முகப்புச்சீட்டு. குடித்தபோது நாவில் நின்றது மழையில் நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை. "இதற்கா இவ்வளவு புகழ்?" என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதோடு அந்த விசாரணை முடிந்தது.

அந்த வாடைக்கு வேதியியலில் பெயருண்டு. மாவூறிய தானியத்திலிருந்து வரும் கொழுப்புப் பொருள்கள் சிதைவதால் நோனெனால் என்னும் சேர்மம் பீரில் தலைகாட்டுகிறது. நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைந்த அளவிலேயே மனித மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். நாட்பட நாட்பட அது கூடும். வெப்பம் ஏற ஏற விரைந்து கூடும். குளிரூட்டப்படாத கப்பற்பெட்டியில் செங்கடல் வெயிலைக் கடந்து, துறைமுகக் கிடங்கில் சில வாரம் கிடந்து, கடைத்தட்டில் சில மாதம் நின்ற பீர், பிறந்த ஊரில் இருந்த பீரன்று. முகப்புச்சீட்டு மட்டுமே அதே சீட்டு. பாட்டிலின் மேல் அச்சிட்டிருக்கும் நாளும் பெரும்பாலும் 'இந்நாள்வரை நல்லது' என்னும் வாக்குறுதியே தவிர, அது அடைக்கப்பட்ட நாளன்று.

மியூனிக்கில் முதல் மாலையே எங்களை அர்னுல்ஃப் தெருவிலுள்ள அகஸ்டினர் கெல்லருக்கு அழைத்துச் சென்றார்கள். 1328ஆம் ஆண்டைத் தன் பிறப்பாண்டாகச் சொல்லிக்கொள்ளும் ஆலை அது. அந்நகரின் ஆலைகளில் மூத்தது. அங்கே ஹெல்லஸ் எனப்படும் வெளிறிய பொன்னிறப் பீரை மரப்பீப்பாயிலிருந்து ஊற்றுகிறார்கள். வாயுவின் அழுத்தம் கிடையாது. பீப்பாயின் அடியில் குழாய் அடித்து, மேலே ஒரு துளை திறந்துவிட்டால் பீர் தன் எடையாலேயே இறங்குகிறது. இறங்கும் அளவுக்குக் காற்று உள்ளே புகும். காற்று புகுந்த பீப்பாயை மறுநாளுக்கு வைத்திருக்க இயலாது. திறந்ததை அன்றே தீர்த்தாக வேண்டும். நூற்றுக்கணக்கானோர் கூடிக் குடிக்கும் இடத்தில் மட்டுமே இந்த முறை செல்லுபடியாகும் என்பதைப் பார்த்தவுடன் புரிந்துகொண்டோம். அங்கே புதுமையைக் காப்பது குளிர்ப்பெட்டியைவிட, வந்து அமரும் கூட்டம்தான்.

முதல் மிடறில் தெரிந்தது அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டியின் மேலோட்டு மணம். அதன் பின்னால் மெல்லிய தானிய இனிப்பு. இறுதியில், புல்லை நசுக்கினாற்போன்ற ஒரு பசுமையோடு கசப்பு வந்து இனிப்பைத் துடைத்துவிட்டுப் போனது. உரத்துப் பேசும் சுவை எதுவும் அதில் இல்லை. அதனால்தான் இந்தவகைப் பீர் பயணத்தில் முதலில் கெடுகிறது. மறைத்துக்கொள்ள அதனிடம் காரமோ புகையோ கனத்த கசப்போ கிடையாது.

பவேரியர் புதியதை விரும்புவது நாவின் செல்லத்தால் மட்டும் வந்ததன்று. அதற்குப் பின்னால் நெடிய போராட்டம் இருக்கிறது. வாற்கோதுமை, ஹாப், நீர் ஆகியவை மட்டுமே பீரில் சேரலாம் என்று 1516இல் இங்கோல்ஸ்டாட்டில் பிறப்பித்த ஆணையைப் பலரும் அறிவர். அதைவிட எங்களை ஈர்த்தது 1553இன் ஆணை. செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரை மட்டுமே பீர் காய்ச்சலாம் என்றது அது. கோடையில் காய்ச்சிய பீர் கெட்டுப்போனது. அடுப்புத் தீ ஊரைப் பற்றியது. எனவே கோடைக்கான பீரை மார்ச்சிலேயே சற்றுக் கனமாகக் காய்ச்சி, நிலவறை தோண்டி, குளிர்காலத்தில் ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை அடுக்கி அதனுள் வைத்தனர். நிலவறைமேல் வெயில் விழாதிருக்க அகன்ற இலையும் ஆழம் போகாத வேரும் கொண்ட குதிரைச் செஸ்நட் மரங்களை நட்டனர். தரையில் சரளைக்கல் பரப்பினர். பீருக்காக நட்ட நிழலில் பிறகு மனிதர் வந்து அமர்ந்தனர். இன்று உலகெங்கும் பெயர் பரவியிருக்கும் பீர்த் தோட்டம் இப்படித்தான் தோன்றியது.

நிலவறைக்கே சென்று மக்கள் குடிக்கத் தொடங்கியதும் நகரத்து விடுதிக்காரர்கள் முறையிட்டனர். 1812இல் மன்னர் முதலாம் மாக்ஸிமிலியன் யோசேப்பு ஒரு சமரசம் செய்தார்: ஆலைக்காரர் தம் நிலவறையருகே பீரும் ரொட்டியும் விற்கலாம், வேறு உணவு விற்கலாகாது. ஆகவே மக்கள் உணவை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்தனர். அந்தத் தடை போய் நெடுங்காலமாகியும், கட்டுச்சோற்றோடு வரும் உரிமை மட்டும் நிலைத்துவிட்டது. 1999இன் பவேரிய அரசாணையும் அதை வழிமொழிகிறது. பக்கத்து மேசையில் ஒரு பாட்டி கட்டம்போட்ட துணியை விரித்து, முள்ளங்கியைச் சுருள்சுருளாக அரிந்து, உப்புத் தூவிப் பேரனுக்குக் கொடுத்ததைப் பார்த்தபோது, கோயில் திருவிழாவுக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டு போகும் எங்கள் ஊர் நினைவுக்கு வராமல் எப்படி இருக்கும்?

அந்த மரநிழல் குடிப்பவருக்கும் பயன்படுகிறது. வெயிலில் வைத்த கோப்பையில் ஹாப்பின் கசப்புப் பொருள் ஒளியால் உடைந்து, கந்தகச் சேர்மம் ஒன்று உண்டாகிப் பீர் நாறத் தொடங்கும். அதற்குச் சில நிமிடங்களே போதும். பழுப்பு பாட்டிலும் மண்சாடியும் இந்த ஆபத்தைத் தடுக்கவே. பச்சை பாட்டில் அழகுக்கு மட்டுமே உதவும்.

இங்கே ஒரு முரண்போலத் தோன்றுவதைச் சொல்லவேண்டும். லாகர் என்னும் சொல்லுக்கே சேமித்து வைத்தல் என்று பொருள். நொதித்தபின் வாரக்கணக்கில் குளிரில் உறங்கிய பிறகே அது குடிப்பதற்குரியதாகிறது. அப்படியானால் புதிய பீர் என்பது அவசரத்தில் செய்த பீரன்று. ஆலைக்குள் காத்திருந்து, வெளியே வந்தபின் காத்திராத பீர். உள்ளே கழியும் காலம் அதை விளைவிக்கிறது. வெளியே கழியும் காலம் அதைக் கெடுக்கிறது. 1870களில் கார்ல் ஃபான் லிண்டே மியூனிக்கின் ஸ்பாட்டன் ஆலையில் தம் குளிரூட்டும் எந்திரத்தை அமைத்தபோது, ஏரிப் பனிக்கட்டிக்காகக் குளிர்காலத்தை நம்பியிருந்த நிலை மாறத் தொடங்கியது. அதே ஆலை 1894 மார்ச்சில் தன் முதல் ஹெல்லஸைச் சோதனைக்காக ஹாம்பர்க்குக்கு அனுப்பியது. மியூனிக்காரர் நாவில் அது விழுந்தது மறு ஆண்டில். உள்ளூர்ச் சுவையின் அடையாளமாக இன்று நிற்கும் பீர், முதலில் வெளியூர் சென்று தேர்வெழுதிவிட்டு வந்திருக்கிறது.

மியூனிக்கைவிட எங்களை ஆட்கொண்டது வடகிழக்கே, செக் எல்லையையொட்டிய மேல் பலாட்டினேட் வட்டாரம். அங்கே விண்டிஷெஷென்பாக் என்னும் சிற்றூரில் சொய்கல் என்றொரு மரபு வாழ்கிறது. ஊருக்குப் பொதுவான காய்ச்சுமனை ஒன்று. அதில் காய்ச்சும் உரிமை சில வீடுகளோடு பிணைந்தது. உரிமையுள்ள குடும்பம் பொதுமனையில் விறகடுப்பில் காய்ச்சிய சாற்றைத் தன் வீட்டு நிலவறைக்குக் கொண்டுபோய் நொதிக்க வைக்கும். பீர் விளைந்ததும் வாசலில் அறுமுனை விண்மீன் ஒன்றைத் தொங்கவிடுவர். அது தொங்கும் சில நாள்கள் அவ்வீடே விடுதி. பிறகு முறை அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

விண்மீன் தொங்கிய ஒரு வீட்டுக்குள் தயங்கித் தயங்கி நுழைந்தோம். நீண்ட மேசையில் ஏற்கெனவே எட்டுப் பேர். யாரும் நிமிர்ந்து வியக்கவில்லை. நகர்ந்து இடம் கொடுத்தார்கள். வடிகட்டாத, சற்றே கலங்கிய பீர். உடன் அந்த வீட்டிலேயே செய்த தொத்திறைச்சியும் கம்பு ரொட்டி போன்ற கரிய ரொட்டியும். பீர் காய்ச்சியவர் எதிர்மேசையில் அமர்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார். அவருடைய நிலவறை எங்கள் காலடியில் இருந்தது. அந்தக் கோப்பை கடந்துவந்த தொலைவு ஒரு மாடிப்படி மட்டுமே.

இதை எழுதும்போது மறைக்கக்கூடாத ஒன்று உண்டு. எங்களில் ஒருவருடைய தகப்பனார் குடியால் இறந்தவர். அவர் குடித்ததை அவர் பிள்ளைகள் பார்த்ததில்லை. குடித்துவிட்டு வந்ததை மட்டுமே பார்த்தார்கள். கடையின் பின்புறத்து இருட்டில், நின்றபடி, ஒரே மூச்சில் ஊற்றிக்கொண்டு, துண்டால் வாயைத் துடைத்தபடி அவர் திரும்பியதாகப் பின்னாளில் பிறர் சொன்னார்கள். அவர் எதையாவது சுவைத்தாரா என்பது எங்களுக்கு விடை கிடைக்காத கேள்வி. மதுக்கோப்பையைத் தொடுவதே அவருக்குச் செய்யும் துரோகம் என்று ஒருவரும், அவர் வழியில் செல்வது என்று மற்றவரும் எத்தனையோ ஆண்டு அஞ்சியிருக்கிறோம். அந்தச் சொய்கல் வீட்டில் கணவனும் மனைவியும் அருகருகே அமர்ந்து ஆளுக்கொரு கோப்பையை ஒருமணி நேரம் குடித்தோம். பெண் குடிப்பதை எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்தபோது அச்சம் முற்றும் நீங்கியது என்று சொல்லமாட்டோம். அச்சம் எதன்மேல் கொள்ளத்தக்கது என்பது மட்டும் சற்றுத் தெளிந்தது.

பவேரியா குடிநோயற்ற நாடு என்று சொல்லவரவில்லை. அங்கும் குடிநோயர் மருத்துவமனைகள் உண்டு, வீடிழந்தோர் உண்டு, அக்டோபர் விழாவின் கூடாரங்களுக்குப் பின்னால் புல்வெளியில் விழுந்துகிடப்போரும் உண்டு. நல்ல பீர் யாரையும் நல்லவராக்குவதில்லை. ஆனால் செய்தவன் முகம் தெரிய, சோற்றோடும் பேச்சோடும் பிள்ளைகள் பார்க்கவும் குடிப்பதற்கும், முகமற்ற ஒன்றை முகம் மறைத்துக் குடிப்பதற்கும் இடையே வேறுபாடு இருக்கிறது. சுவையை எதிர்பார்ப்பவன் கோப்பையைக் கீழே வைத்து இடைவெளி விடுகிறான் என்பதையாவது நாங்கள் கண்டோம்.

மியூனிக் திரும்பியபின் ஒரு பீர்த் தோட்டத்தில், குச்சியில் குத்தித் தணலருகே சாய்த்துச் சுட்ட கானாங்கெளுத்தி மீனை வாங்கினோம். ஸ்டெக்கர்ல்ஃபிஷ் என்பது அதன் பெயர். கையில் மீனும் எதிரே பீருமாக இருந்தபோது எங்கள் இருவருக்கும் ஒருசேர நினைவு வந்தது பெரும்பாணாற்றுப்படை. வலைஞர் குடியிருப்பில் பாணனுக்குக் கிடைக்கப்போகும் விருந்தை அது விரிக்கிறது: குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற தட்டில் ஆறவிட்டு, உரைகாரர் முளை என்று பொருள் கொள்ளும் நல்லடையை அதில் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவைத்து, விரலால் அலைத்து அரித்த நறும்பிழி, உடன் சுட்ட மீன். முளைவிட்ட தானியத்தின் மாவால் மாச்சத்தை இனிப்பாக்கி, அதை நொதிக்க விடுவதுதான் பீர் என்றால், அந்தச் சாடியில் இருந்ததும் பீரே. இரண்டு நாளில் விளைவது, விளைந்த இடத்தில் அருந்தத்தக்கது. அந்த வரிகளை இனி 'ஒருவகை மது' என்று எங்களால் கடக்க முடியாது.

அந்தத் தொடர்ச்சி இன்று எங்கள் மண்ணில் இல்லை. கள்ளிறக்கத் தமிழ்நாட்டில் 1987 முதல் தடை. காலையில் இறக்கி மாலைக்குள் புளித்துவிடும் கள்ளைப்போல் தொலைவைத் தாங்காத பானம் வேறில்லை. அதை விலக்கிவிட்டு, எத்தனை தொலைவையும் எத்தனை வெயிலையும் தாங்கும் சரக்கையே நாம் விற்றுக்கொண்டிருக்கிறோம். தடை சரியா தவறா என்பது வேறு விவாதம். அதில் எங்கள் வீட்டிலேயே இரண்டு கருத்து உண்டு.

பவேரியா செல்லும் வாய்ப்பில்லாத நண்பர்கள் அங்கிருந்து வந்த பீரை வாங்குவதானால் ஒரு குறிப்பு. அடியில் ஈஸ்ட் படிந்திருக்கும் கோதுமைப் பீர், பாட்டிலுக்குள்ளும் உயிரோடிருப்பதால் உயிர்வளியை ஓரளவு தானே உண்டு தன்னைக் காத்துக்கொள்ளும். நோன்புக்காலத்துக்கென்று துறவியர் வளர்த்தெடுத்த கரிய டோப்பல்பாக் தன் கனத்தாலும் வறுத்த தானியத்தாலும் மூப்பைத் தாங்கும். பொன்னிற ஹெல்லஸை மட்டும் கடல் கடந்து தேடவேண்டா. அது எந்த ஊரில் பிறந்ததோ அந்த ஊருக்கு நீங்கள் போகும் நாள்வரை அங்கேயே இருக்கட்டும்.